திகதி வைக்காத வாக்கெடுப்பு

"…உங்கட எழுத்தில எழுதி வைச்சா எங்களுக்கு ஒண்டும் விளங்காது எண்டு நினைச்சிட்டியள், என்ன?" என்றாள் நான் ஏற்ற வந்த பெரியவருடைய மகள்.

மினிபஸ்ஸின் கதவை நான் அப்போதுதான் திறந்திருந்தேன். அவள் ஒரு காலைப் படியிலும் ஒரு காலைச் சேற்றுப்பனியிலும் வைத்தபடி நின்றாள். கையில், நாலாக மடித்து விரித்த ஒரு கொப்பித் தாள். அதில் இருந்தது என் கையெழுத்து, முழுக்கத் தமிழ். அவளுக்குப் பின்னால், நோர்வேத் தலைநகரின் ஓரத்தில், குரோருட்டின் அந்த அடுக்குமாடி வாசலில், அவளுடைய தகப்பன் தன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, இதை என்ன செய்வது என்று யோசிப்பவரைப்போல நின்றார். மார்ச் மாதக் காலை. மழை என்றும் சொல்ல முடியாத, பனி என்றும் சொல்ல முடியாத ஒன்று விழுந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே பஸ்ஸில் ஏறியிருந்த இரண்டு பேரும் கதையை நிறுத்திவிட்டார்கள்.

அந்தத் தாள் அவளுடைய கைக்கு எப்படிப் போனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் அவள் பிறகு செய்ததை மட்டும் சொன்னால், அவளுக்கு விசர் என்று நினைப்பீர்கள்.

நான் ஓட்டுவது வயதானவர்களுக்கான பஸ். காலையில் வீடு வீடாகப் போய் ஏற்றி, பகல்நேர நிலையத்தில் இறக்கி, பின்னேரம் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். பள்ளிக்கூடம் எனக்குப் பாதியில் நின்றுபோனது. நான் நிறுத்தவில்லை, பள்ளிக்கூடத்தின் மேல் குண்டு விழுந்தது. நோர்வேஜிய மொழியை வகுப்பில் படித்ததைவிட இந்த பஸ்ஸுக்குள் படித்ததுதான் அதிகம். எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் மொழி படிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கடையில் பால் வாங்கப் போனாலும் அந்தக் காலத்து மனிதரைப்போலக் கதைப்போம். "அப்பா, நீங்கள் கதைக்கேக்க கறுப்புவெள்ளைப் படம் பாக்கிற மாதிரி இருக்கு" என்பாள் என் மகள்.

இருக்கட்டும். அவர்கள் வாயிலிருந்து வரும் கதைகளை விட்டுவிட எனக்கு மனம் வராது. அதற்கென்றே கதவுப் பையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். நிலையத்து வாசலில் காத்திருக்கும் நேரத்தில், அன்று காதில் விழுந்ததைத் தமிழில் எழுதி வைப்பேன். இந்த நாட்டு மொழியில் எல்லாருக்கும் ஒரே 'நீ'தான். ஆனால் சொல்கிறவருடைய முகத்தைப் பார்த்தால் அது எங்களுடைய நீயா, நீரா, நீங்களா என்று எனக்குத் தெரிந்துவிடும். என் காது கேட்டபடியேதான் இங்கேயும் எழுதுகிறேன்.

முன் இருக்கையில் எப்போதும் இருப்பவர் குழாய் வேலைக்காரர். எண்பத்துநாலு வயது. இந்தப் பள்ளத்தாக்கிலுள்ள பாதி அடுக்குமாடிகளின் தண்ணீர்க் குழாய்கள் அவர் கையால் பூட்டப்பட்டவை. பெயரைச் சொல்லியே கூப்பிடலாம் என்றார். தகப்பன் வயது மனிதரை எப்படிப் பெயர் சொல்லுவது? தொழிலில் தேர்ந்தவரை இங்கே 'மெஸ்தர்' என்பார்கள். நான் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை 'றைவர்' என்றார். அவருக்குப் பின்னால் ஓய்வுபெற்ற ரீச்சர் அம்மா. அவருக்கு எதிர்ப்பக்கத்தில், ஒரு காலத்தில் மீன்கடை வைத்திருந்தவர். ரீச்சர் 'வேணும்', மீன்கடைக்காரர் 'வேண்டாம்'.

எதை வேணும், எதை வேண்டாம் என்றால், ஐரோப்பாவை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போவதா இல்லையா என்று இந்த நாட்டுச் சனத்திடம் இரண்டு தரம் கேட்டாயிற்று. எழுபத்திரண்டில் ஒருக்கா, தொண்ணூற்றுநாலில் ஒருக்கா. இரண்டு தரமும் கிட்டத்தட்டச் சரிபாதியாகப் பிரிந்து, கடைசியில் 'வேண்டாம்' வென்றது. இப்போது அக்கம்பக்கத்தில் போர் தொடங்கிய பிறகு, மூன்றாம் தரமும் கேட்க வேண்டும் என்று ஒரு பகுதி. கேட்டுத்தான் பாருங்கள், என்ன நடக்குதெண்டு தெரியும் என்று மறுபகுதி. அரசாங்கம் "இப்ப இல்லை" என்கிறது. எப்போது என்று கேட்டால், அதற்கும் "இப்ப இல்லை" என்கிறது.

திகதியே வைக்காத ஒரு வாக்கெடுப்புக்காகச் சனம் பட்ட பாட்டை எங்கே சொல்லுவது? அண்ணனும் தம்பியும் நத்தார்ப் பண்டிகை விருந்தை இரண்டு வீட்டில் வைத்தார்கள். பகல்நேர நிலையத்துச் சாப்பாட்டறையில் கோப்பிப் போத்தல்கூட இரண்டாகிவிட்டது, வேணும் மேசைக்கு ஒன்று, வேண்டாம் மேசைக்கு ஒன்று. இரண்டும் ஒரே மெசினில் ஊற்றியதுதான். என் மனைவிக்கு இதைச் சொன்னபோது, "பொம்பிளை பாக்கவே தொடங்கேல்லை, அதுக்குள்ள பந்தியில ஆர் முன்னுக்கு இருக்கிறதெண்டு அடிபாடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா.

பஸ்ஸுக்குள் நாள்தோறும் இதுதான்.

"இவங்கள் இப்பிடியே இழுத்தடிச்சா, என்ர வாக்குச்சீட்டைச் சேமக்காலைக் குழிக்குத்தான் அனுப்போணும்" என்பார் ரீச்சர்.

"அங்கையும் நாங்கள்தான் கூட. போன கிழமையும் எங்கட ஆள் ஒருத்தர் போனவர்" என்பார் மீன்கடைக்காரர்.

"நல்லது. அங்கை கூடக்கூட இஞ்சை குறையுந்தானே."

மெஸ்தர் திரும்பிப் பார்க்காமலே சொல்வார்: "ரெண்டு பேரும் பெல்ற்றைப் போடுங்கோ. வளைவில றைவர் கொஞ்சம் வேகமா எடுத்தா இண்டைக்கே எண்ணி முடிச்சிடலாம்."

அவர் எந்தப் பக்கம் என்று யாருக்கும் வெளியில் சொல்ல மாட்டார். சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை, அவருக்காக அவருடைய மகளே சொல்லிவிடுவாள். அவள் அறுபதை எட்டப் போகிறவள். தாய் செத்த பிறகு தகப்பனுடன் வந்து இருந்து பார்க்கிறாள். சனிக்கிழமைகளில் கடைத்தொகுதி வாசலில் 'வேண்டாம்' மேசை போட்டுத் துண்டுப்பிரசுரம் கொடுப்பாள். மேல்கோட்டில் எப்போதும் அந்த வட்டச் சின்னம் குத்தியிருக்கும். எழுபத்திரண்டில் 'வேண்டாம்' ஊர்வலத்தில் தகப்பன் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு போன படம் ஒன்று அவளுடைய தொலைபேசியில் இருக்கிறது. எனக்கே மூன்று தரம் காட்டியிருக்கிறாள். முன்பல் விழுந்த வாயைத் திறந்து கத்துகிற பிள்ளை. கீழே தகப்பன், வாயில் சிகரெட்.

தகப்பனும் மகளும் காலையில் வாசலில் கதைப்பதைக் கேட்கவே நான் இரண்டு நிமிடம் முந்திப் போவேன்.

"இண்டைக்குச் சரியான குளிர், அப்பா."

"குளிர் இல்லை. நீ மெல்லிசா உடுத்திருக்கிறாய்."

"மருந்து குடிச்சனீங்களோ?"

"மருந்துதான் என்னைக் குடிக்குது."

"சால்வையைப் போடுங்கோ."

"நீ போடு. உன்ர தொண்டைதானே சனிக்கிழமையில கத்துறது."

அவள் ஒன்றைச் சொன்னால் அவர் மற்றதைச் சொல்வார். அவள் சுவர் வெள்ளை என்றால், அவர் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு மஞ்சள் என்பார். அவளும் விடமாட்டாள். கதவு சாத்தின பிறகும் கண்ணாடிக்கு வெளியே அவளுடைய வாய் அசைந்துகொண்டிருக்கும், அவர் உள்ளே இருந்து தலையை ஆட்டி மறுத்துக்கொண்டிருப்பார். இந்த நாட்டில் தகப்பனும் பிள்ளையும் கொஞ்சிக் குலாவ மாட்டார்கள் என்று எங்களுடைய ஆட்கள் சொல்வார்கள். இதைப் பார்க்காதவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள்.

நவம்பரில் ஒரு நாள், மற்ற எல்லாரும் இறங்கிப் போன பிறகு, மெஸ்தர் தன் இருக்கையிலேயே இருந்தார்.

"அந்தக் கொப்பியில என்ன எழுதுறனீர்?"

"நீங்கள் கதைக்கிறதுகளைத்தான், மெஸ்தர்."

"என்ர ஒண்டு வாசியும் பாப்பம்."

பெல்ற் போடச் சொன்ன கதையை நோர்வேஜிய மொழியில் வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "ஆர் சொன்னது?" என்றார். நீங்கள்தான், போன கிழமை, என்றேன். அந்தச் சிரிப்பு முகத்தில் இருந்தபடியே நின்றுபோனது. முன்கண்ணாடிப் பக்கம் திரும்பினார்.

"தலைக்குள்ள எங்கையோ ஒழுகுது, றைவர். எங்கை எண்டு டொக்டருக்கும் தெரியேல்லை. சுவரை உடைச்சுப் பாக்கவும் ஏலாது."

நான் கொப்பியை மூடப் போனேன்.

"வாக்கெடுப்பு வரேக்க நான் இருப்பன். தலை இருக்குமோ தெரியாது. அதால, நான் இப்ப என்ன நினைக்கிறன் எண்டதை ஒரு தாளில எழுதித் தாரும். உம்மட எழுத்தில. எங்கட எழுத்தில இருந்தா மகள் கண்டு கிழிச்சுப்போடுவாள். கிழிக்காட்டி அழுவாள். அது அதைவிடக் கரைச்சல்."

"என்ன எண்டு எழுத?"

"வேணும் எண்டு எழுதும்."

நான் பேனையை எடுத்த கையோடு அவரைப் பார்த்தேன்.

"ரெண்டு தரமும் வேண்டாம் எண்டுதான் போட்டனான்" என்றார். "முதல் தரம் பட்டறையில எல்லாரும் அப்பிடி. ரெண்டாந்தரம் மகள் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனவள். நானா யோசிச்சுப் போட்டது எண்டு ஒண்டும் இல்லை. இப்ப பட்டறையும் இல்லை, மனுசியும் இல்லை. இருந்து யோசிச்சுப் பாத்தன். எங்கட குடியிருப்பில மாதாமாதம் எல்லாரும் பொதுச்செலவு கட்டுறம். கட்டினவன் பொதுக்கூட்டத்துக்குள்ள போய் இருந்து சத்தம் போடவேணும். ஐரோப்பாவுக்கும் நாங்கள் கட்டுறம், அவங்கள் போடுற சட்டத்தையும் எடுத்துப் போடுறம், கூட்டம் நடக்கேக்க மட்டும் வெளியில நிண்டு யன்னலுக்குள்ளால பாக்கிறம். எனக்கு யன்னலுக்குள்ளால பாக்கிறது சரிவராது. உள்ளுக்க போய் இருந்து, அவங்கள் சொல்லுறதுக்கெல்லாம் இல்லை எண்டு சொல்லோணும்."

ஒரு சொல்லும் விடாமல் எழுதினேன். எழுதும்போது என் கைக்கு ஒப்பவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நான் வேண்டாம்காரன். பெரிய கூட்டத்தில் சின்னவனுடைய குரலுக்கு என்ன நடக்கும் என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவன் இல்லை. ஒரு சின்ன நாடு தன்பாட்டில் இருக்க விரும்பினால் விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கட்சி. ரீச்சருடன் பஸ்ஸிலேயே இதற்காகச் சண்டை பிடித்திருக்கிறேன்.

"நான் வேண்டாம்காரன் எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே, மெஸ்தர்?"

"தெரியும். அதாலதான் உம்மட்டக் கேட்டனான். வேணும்காரனிட்டக் குடுத்தா ரெண்டு வரி கூட்டி எழுதிப்போடுவான்."

தாளை நாலாக மடித்துத் தன் பழைய வேலைச் சட்டையின் உள்பையில் வைத்தார். அந்த நாள் வந்து, தான் நினைத்தது தனக்கே தெரியாமல் போனால், நான் அதை வாசித்துக் காட்ட வேண்டும். காட்டினால் போதும், உள்ளே போய்த் தானே போடுவார். என் சொல் ஒன்றும் அதற்குள் கலக்கக் கூடாது. சத்தியம் செய்யச் சொன்னார். செய்தேன்.

அதற்குப் பிறகு நான் பட்டதை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை தோறும் பஸ்ஸில் ஏறியதும் மெல்லக் கேட்பார்: "திகதி வைச்சிட்டாங்களோ?" இன்னும் இல்லை என்பேன். "குழாய் உடைஞ்ச வீட்டுக்காரனைக்கூட நான் இவ்வளவு நாள் காக்க வைக்கேல்லை" என்பார். தை மாதம் கேட்பது குறைந்தது. ஒரு நாள் கையுறையைக் காலில் போடப் பார்த்தார். இன்னொரு நாள் ஏறி இருந்து, "எங்கை வேலை இண்டைக்கு?" என்று கேட்டார். நான் சமையலறையில் வானொலியைப் போட்டுவிட்டு, செய்தி வாசிக்கிறவளைப் பார்த்து, வையுங்கோ, கெதியா ஒரு திகதியை வையுங்கோ என்று மன்றாடினேன். ஒரு 'வேணும்' வாக்கு பழுதாகிப் போகக் கூடாது என்று இந்த நாட்டில் தவித்த ஒரே வேண்டாம்காரன் நானாகத்தான் இருப்பேன்.

"இஞ்சருங்கோ, நீங்கள் மற்றப் பக்கம் மாறிட்டியளோ?" என்று மனைவி கேட்டா.

"இல்லை."

"பிறகென்ன அவசரம்? இப்ப இல்லை எண்டுதானே சொல்லுறாங்கள். இப்ப இல்லாட்டி உங்கட ஆக்களுக்குத்தானே நல்லது."

நான் பிட்டைக் குழைத்துக்கொண்டிருந்தேன்.

மாசியில் ஒரு பின்னேரம், மெஸ்தரை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, ரீச்சர் அம்மா முன் இருக்கைப் பக்கம் குனிந்தார்.

"இண்டைக்குச் சாப்பாட்டு மேசையில நான் ஐரோப்பா எண்டு தொடங்கினன். மனுசன் ஓம் எண்டு தலையாட்டினவர். பிறகு மீன்காரர் தொடங்கினவர். அதுக்கும் ஓம் எண்டவர். எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை."

மீன்கடைக்காரர் எதிர்த்துப் பேசவில்லை. "எனக்கும்" என்றார்.

வாசலிலும் அது நடந்துவிட்டது. "குளிர், அப்பா" என்றாள் மகள். "ஓம் பிள்ளை, குளிர்" என்றார் அவர். அவள் சால்வையைக் கொடுத்தாள், அவர் கழுத்தை நீட்டினார். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஸ்ரியறிங்கைப் பார்த்தேன்.

மார்ச் தொடங்கி, ஒரு பின்னேரம், தெரியாத இலக்கத்திலிருந்து எனக்கு ஒரு அழைப்பு வந்தது.

"அண்ணை, நீங்கள்தானே வயதான ஆக்களின்ர பஸ் ஓடுறனீங்கள்?"

வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கிற தாதி ஒருத்தி. எங்களுடைய தமிழ்ப் பிள்ளை, பக்கத்துப் புருசெத்தில் இருக்கிறவ.

"அண்ணை, நான் ஒரு பிழை செய்துபோட்டன். அந்தக் குழாய் வேலை செய்த ஐயாவுக்கு மருந்து குடுக்கப் போனனான். மகள் அவரின்ர சட்டையைத் தோய்க்க எடுத்தவ. பைக்குள்ள ஒரு தாள். பழைய மருந்துச் சீட்டாக்கும், உங்கட எழுத்து மாதிரி இருக்கு, பாருங்கோ எண்டு தந்தவ. முதல் வரியை அப்பிடியே நோர்வேஜியத்தில வாசிச்சிட்டன். பிறகுதான் தெரிஞ்சது மருந்து இல்லை எண்டு. நிப்பாட்டியிருக்கலாம். 'மிச்சம்?' எண்டு கேட்டா. கேட்ட விதத்தில மிச்சத்தையும் வாசிச்சிட்டன், அண்ணை. ஆர் எழுதினது எண்டு ஐயாவைக் கேட்டா. றைவர் எண்டு மட்டும் சொன்னவர்."

அவவில் என்ன குற்றம்? பிள்ளை, நீங்கள் யோசிக்காதேங்கோ என்று சொல்லி வைத்துவிட்டு, கதிரையில் இருந்தேன். இந்தப் பள்ளத்தாக்கில் எந்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு போகிற தாதியையும் பாருங்கள், மூன்றில் ஒருவர் எங்களுடைய ஆளாகத்தான் எனக்குத் தெரிகிறார். அது எனக்குத் தெரியாததா? தெரிந்தும், தமிழில் எழுதினால் ஒளித்தது மாதிரி என்று நினைத்தேன். எங்களுக்கு மட்டும் வருகிற மடத்தனம் இது. சுரங்க ரயிலில் சனத்துக்கு நடுவில் நின்றுகொண்டு ஊர்க்கதை முழுக்கச் சத்தமாகக் கதைப்போம், ஒருத்தருக்கும் விளங்காது என்ற துணிவில்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

"ஒருக்கா ரயிலில ஒரு மனுசன்ர தொப்பியைப் பாத்து நீங்கள் பகிடி விட்டது ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டா.

இருக்கிறது. அந்த மனிதர் புருசெத்தில் இறங்கும்போது, "தம்பி, தொப்பி என்ர மனுசி பின்னித் தந்தது" என்று தமிழில் சொல்லிவிட்டு இறங்கினார்.

"உங்கட மெஸ்தர் உங்களிட்ட ஒரு பூட்டுக் கேட்டது" என்றா மனைவி. "நீங்கள் குடுத்தது எங்கட சனம் முழுக்கத் திறப்பு வைச்சிருக்கிற பூட்டு."

ஆகவே அடுத்த நாள் காலை, மகள் படியில் நின்று அதைக் கேட்டபோது, நான் மறுக்கவில்லை.

"ஓம், நினைச்சனான்" என்றேன். "அது என்ர மொக்குத்தனம்."

"நீங்கள்தான் அவருக்குச் சொல்லிக் குடுத்திருக்கிறியள்."

"இல்லை. அவர் சொன்னார், நான் எழுதினன்."

"அப்பா அப்பிடிச் சொல்லவே மாட்டார். என்னைத் தோளில வைச்சுக்கொண்டு போன மனுசன். நான் உங்கட பஸ் கந்தோர் மேலதிகாரிக்கு எழுதப் போறன். தலை சரியில்லாத மனுசருக்குள்ள அரசியலை ஏத்தினது எண்டு எழுதுவன்."

பின்னாலிருந்து ரீச்சர் அம்மாவின் குரல் வந்தது. "பிள்ளை, இவன் வேண்டாம்காரன். இவனோட ஒரு வருசமா சண்டை பிடிச்சு எனக்குத் தொண்டை போட்டுது."

"சொல்லிக் குடுக்கிறதெண்டா எங்கட பக்கத்தைத்தானே சொல்லிக் குடுத்திருப்பான்" என்றார் மீன்கடைக்காரர்.

மகள் என்னைப் பார்த்தாள். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாதவளைப்போல நின்றாள்.

"அப்ப ஏன் எழுதினனீங்கள்?"

"கேட்டவர். எழுதினன்."

"எப்ப?"

"நவம்பரில. அப்ப தலை நல்லாத்தான் இருந்தது. தானா இருந்து யோசிச்சுப் பாத்தவராம். அப்பிடித்தான் சொன்னவர்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?" இதை அவள் என்னிடம் கேட்கவில்லை. தாளிடம் கேட்டாள். "நாள்தோறும் என்னோட சண்டை பிடிச்சவர். எல்லாத்துக்கும் சண்டை பிடிச்சவர். இதுக்கு மட்டும் ஏன் வாயைத் திறக்கேல்லை?"

நீங்கள் அழுவியள் என்றுதான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள். அதனால் சொல்லவில்லை.

அவள் திரும்பினாள். தகப்பன் அதே இடத்தில், அதே தொப்பியோடு, ஈரமாகிக்கொண்டு நின்றார். போய் அவரைப் பஸ் வரைக்கும் கூட்டிவந்து, தொப்பியை வாங்கித் தலையில் வைத்துவிட்டாள்.

"அப்பா, நீங்களே சொல்லுங்கோ. இவையளுக்கு முன்னால சொல்லுங்கோ. வேணுமோ, வேண்டாமோ?"

"எது?"

"ஐரோப்பா."

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார், பிறகு கோட்டிலிருந்த சின்னத்தைப் பார்த்தார், பிறகு மறுபடியும் முகத்தை. நல்ல பிள்ளையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று பரீட்சையில் இருக்கிறவரைப்போல.

"நீ சொல்லுறதுதான், பிள்ளை."

மீன்கடைக்காரரின் கட்சிக்கு ஒரு வாக்கு வந்திருந்தது. அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ, அப்பா."

"சரி, பிள்ளை."

"என்ன சரி? நான் சொல்லுறதையெல்லாம் கேக்கிற ஆளே நீங்கள்?"

"ஓம்" என்றார் அவர், அன்பாக.

அவள் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்தாள். தாள் அவர்களுடைய கைகளுக்கு நடுவில் நசுங்கியது.

"வேணும், அப்பா" என்றாள். "ஐரோப்பாவுக்குள்ள போகத்தான் வேணும். தனிய நிண்டு எங்களால ஒண்டும் ஏலாது."

சொல்லிவிட்டு நிறுத்தினாள். அவர் வழக்கம்போல வெட்டிப் பேசுவதற்கு இடம் விட்டு நிறுத்தினாள்.

"ஓம், பிள்ளை."

"எங்கட மீனையெல்லாம் வரியில்லாமல் அங்கை விக்கலாம். கமக்காரர், மாடு வளக்கிறவை எல்லாம் சும்மா கத்தீனம். அவையளுக்கு எப்பவும் கத்துற வேலைதான்."

நிறுத்தினாள்.

"ஓம்."

"தொண்ணூற்றுநாலில நாங்கள் செய்தது பிழை. எழுபத்திரண்டில செய்ததும் பிழை. கேக்குதே அப்பா, உங்கட பட்டறை ஆக்கள் எல்லாருமே பிழை."

அதற்கு அவர் ஏதோ சொல்லப் போகிறவரைப்போல வாயைத் திறந்தார். நான் ஸ்ரியறிங்கை இறுக்கிப் பிடித்தேன். அவர் பனியைப் பார்த்துவிட்டு, "ஓம் பிள்ளை" என்றார்.

சனிக்கிழமைகளில் கடைத்தொகுதி வாசலில் அவள் எதை எதையெல்லாம் மறுத்து நின்றாளோ, அதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். ஒவ்வொன்றுக்குப் பின்னும் நிறுத்தினாள். நாங்கள் பதினைந்து நிமிடம் பிந்திவிட்டோம். நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது, நான் எடுக்கவில்லை. கடைசியில் அவளுக்குச் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கையை விடாமல் தலையை மட்டும் திருப்பி, பஸ்ஸுக்குள் ரீச்சர் அம்மாவைப் பார்த்தாள்.

"வேறை என்ன சொல்லுவியள் நீங்கள்?" என்றாள். "உங்கட ஆக்கள் வேறை என்ன சொல்லுறவை? ஒண்டு சொல்லித் தாங்கோ."

ரீச்சர் அம்மா இருக்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, படி வரைக்கும் வந்து, ஒன்றை மெல்லச் சொன்னார். மகள் அதை வாங்கி, தகப்பன் பக்கம் திரும்பி, இன்னும் உரத்துச் சொன்னாள்.